மே மாதத்தில் அளந்த கிணறு

பயிற்சி முடித்து இந்த மாதம் களத்துக்குப் போகிற நீங்கள் ஆறு பேரும், உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். இருபத்தாறு வருடம் நிலத்தடி நீர் வேலை பார்த்தவளிடம் சொல்வதற்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் ஒரே கிணற்றடியில் போய் நின்றுவிட்டேன். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஓய்வு வாங்கும் வயது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காரணம் கேட்டவர்களிடம் மகளின் படிப்பு என்று சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. தெளிவாக ஒரு பாடம் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள்.

நம் வேலை என்ன என்று வெளியாள் யாராவது கேட்டால் நான் இப்படிச் சொல்வது வழக்கம். பூமிக்கு அடியில் மண்ணும் பாறையும் தண்ணீருக்கு எவ்வளவு எளிதாக வழிவிடுகின்றன என்று கணிக்கிறோம். ஒரு கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்கிறோம். தண்ணீர் எப்படி இறங்குகிறது, நிறுத்திய பிறகு எப்படி ஏறுகிறது என்று நிமிடம் நிமிடமாக அளக்கிறோம். அதிலிருந்து ஒரு எண் வருகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு, இங்கே இறங்கிய தண்ணீர் அங்கே போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று சொல்கிறோம். கேட்பவர்கள் வியப்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

கிணற்றுக்கு வருமுன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் பின்னால் நடந்தது புரியாது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஆய்க்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறைத்து அளந்துகொண்டிருந்தோம். என் முதல் அதிகாரியும் உடன் இருந்தார். காலையிலிருந்து தண்ணீர் ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்குத் திடீரென்று சரசரவென்று இறங்கத் தொடங்கியது. எனக்கு ஒரே உற்சாகம். பாறை வெடிப்பு ஒன்று காலியாகிவிட்டது, தண்ணீர் தாங்கும் அடுக்கின் விளிம்பைத் தொட்டுவிட்டோம் என்றெல்லாம் புத்தகத்தில் படித்ததை அடுக்கினேன். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார். இரண்டு வயல் தள்ளி ஒரு மோட்டார் தனியே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் களை பறித்துக்கொண்டிருந்த அம்மாளிடம், யார் போட்டது என்று கேட்டார்.

"யாரும் போடல சார். அவ்வோ பாவூர்சத்திரம் சந்தைக்கு வெண்டைக்கா கொண்டு போயிருக்காவ. மூணு பேஸ் கரண்டு வந்தா இது தன்னால ஓடும். ஆட்டோ ஸ்டார்ட்டரு."

அவர் திரும்பி வந்து என் கையிலிருந்த தாளை வாங்கி நான்காகக் கிழித்தார்.

"நீ இவ்வளவு நேரம் அளந்தது நிலத்தை இல்லம்மா. வெண்டைக்காக்காரன் மோட்டாரை. இனிமே சுத்துவட்டாரத்துல ஒருத்தரும் தண்ணி எடுக்காத நாளாப் பாத்துப் போ. கிணறு சும்மா கிடக்கணும். அப்பதான் அது உண்மை பேசும்."

அந்தக் கிழிந்த தாள் என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அளக்கப் போன இடங்களில் எல்லாம் முதலில் சுற்றுவட்டார மோட்டார்களைத்தான் எண்ணினேன். மின்வாரியத்தில் கரண்ட் வரும் நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வேன். கல்யாணம், கோயில் கொடைத் திருவிழா, அறுவடை எல்லாம் விசாரிப்பேன். அலுவலகத்தில் என் அளவுகளில் யாரும் குறை கண்டதில்லை. அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் சரிதான். அதுதான் எனக்குக் குழப்பம்.

இனி அந்தக் கிணறு.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம், அதை ஒட்டி ஒரு பெண்கள் விடுதி. பெயர் வேண்டாம். நூற்று அறுபது பிள்ளைகள். அவர்கள் குளிக்கவும் துவைக்கவும் சமைக்கவும் ஒரே கிணறு. குடிக்க ஒரு சுத்திகரிப்பு மெஷின் வைத்திருந்தார்கள். ஆனால் அதன் முன்னால் வரிசை நிற்கப் பொறுமையில்லாத பிள்ளைகள் குழாயில்தான் பிடித்துக் குடிப்பார்கள். விடுதிக்கு மேற்கே, மேட்டில், நூறு மீட்டர் தள்ளி ஒரு புதிய தங்கும் விடுதி எழும்பியது. இரண்டையும் விடுதி என்று சொன்னால் குழம்பும், அதை லாட்ஜ் என்றே சொல்கிறேன். லாட்ஜின் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்க ஒரு உறிஞ்சுகுழி வெட்டலாமா, அதனால் பள்ளிக் கிணற்றுக்கு ஆபத்து உண்டா என்று எங்கள் அலுவலகத்திடம் கேட்டார்கள். கோப்பு என் மேசைக்கு வந்தது.

கழிவில் வருகிற கிருமிகள் மண்ணுக்குள் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்று வைத்துக்கொண்டுதான் நாம் இந்தக் கணக்கைப் போடுகிறோம். குழியிலிருந்து கிணற்றுக்குத் தண்ணீர் வந்து சேர அதற்கு மேல் ஆகும் என்றால் அனுமதி. குறைவென்றால் மறுப்பு. கேள்வி அவ்வளவு எளிது.

நூற்று அறுபது பிள்ளைகள் தண்ணீர் எடுக்கிற கிணற்றை எப்போது அளப்பது? கிணறு சும்மா கிடக்க வேண்டுமே. ஆண்டு விடுமுறைக்காகக் காத்திருந்தேன். மே மாதம் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, விடுதி பூட்டிக் கிடந்தபோது போனேன். ஒரு குழாய்கூடத் திறக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் சொல்லி இரண்டு நாள் மோட்டார் போடாமல் பார்த்துக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் அவ்வளவு சுத்தமான அளவு எனக்குக் கிடைத்ததே இல்லை. புள்ளிகள் எல்லாம் கோடு போட்டது போல வந்தன. தண்ணீர் நாற்பது அடி ஆழத்தில் பாறையில் கிடந்தது. பாறை தண்ணீரை மெல்லத்தான் விட்டது. குழியிலிருந்து கிணற்றுக்கு இருநூற்றுப் பத்து நாள் என்று கணக்கு வந்தது. ஆபத்து இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஜூன் மாதம் என் மகள் மீனாவைப் பதினோராம் வகுப்பில் அந்தப் பள்ளியிலேயே சேர்த்து, அந்த விடுதியிலேயே விட்டேன். கணவர் வெளிநாட்டில் இருந்தார். எனக்கு வாரத்தில் நான்கு நாள் களப்பணி. பல விடுதிகள் பார்த்தோம். அங்கே விட்டதற்கு அந்த இருநூற்றுப் பத்தும் ஒரு காரணம். தண்ணீரை நானே பார்த்திருக்கிறேன் என்று கணவரிடம் போனில் சொன்னேன்.

லாட்ஜும் அதே ஜூனில், சீசனுக்குத் திறந்தார்கள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. மீனாவுக்கு ஸ்வெட்டரும் இன்னொரு ஜோடி சீருடையும் கொடுக்கப் போனேன். வார்டனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, பழக்கதோஷம், கிணற்றை எட்டிப் பார்த்தேன். மோட்டார் போடுகிற சுடலை அண்ணாச்சி அப்போதுதான் மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கே நின்றார்.

"இந்த வருசம் நல்லா ஏறிட்டு மேடம். எறைக்க எறைக்க வருது. காலையில எறைச்ச தடமே தெரியல பாருங்க."

கிணற்றின் மேல்பகுதி, பதினைந்து அடி வரை, கருங்கல் கட்டு. சுண்ணாம்பு பூசாத பழைய கட்டு. மே மாதம் நான் பார்த்தபோது அதன் இடுக்குகளில் புறாக்கள் கூடு கட்டியிருந்தன. நாங்கள் டேப்பை இறக்கும்போதெல்லாம் படபடவென்று பறந்து தொந்தரவு செய்தன. இப்போது அந்த இடுக்குகளிலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. கசிவு என்று சொல்ல முடியாது. கை தடிமனுக்கு ஐந்தாறு இடத்தில். எல்லாம் மேற்குப் பக்கம்.

"புறாவெல்லாம் எங்க அண்ணாச்சி?"

"வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நீங்க இருப்பியளா? அது பள்ளிக்கூட மாடிக்குக் குடிபோயிட்டு."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரித்தேன். பிறகுதான் அது எனக்குள் இறங்கியது. ஒரு கிணற்றுக்கு எதற்காகக் கல்கட்டு கட்டுகிறார்கள்? அந்த ஆழம்வரை மண் நிற்காது, சரியும் என்பதால். அங்கே இருப்பது மலையிலிருந்து உருண்டு வந்து படிந்த கல்லும் மணலும் கலந்த நெகிழ்ந்த அடுக்கு. தண்ணீர் அதற்குள் ஓடும். மே மாதம் தண்ணீர் மட்டம் அதற்கு இருபத்தைந்து அடி கீழே இருந்தது. அந்த அடுக்கு காய்ந்து கிடந்தது, புறாக்கள் குடியிருந்தன. நான் அதைத் தொடவே இல்லை. அடியில் இருந்த பாறையை மட்டும் மிக அழகாக அளந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா, பின்னால் தெரிந்ததை அந்த நிமிடத்தில் போட்டு வைத்துக்கொள்கிறேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிந்துவிட்டது. முழுதாக இல்லை. ஆனால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது ஞாபகம் இருக்கிறது. அண்ணாச்சி, "தலை சுத்துதா மேடம்?" என்று கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு எனக்கு நானே சமாதானம் சொல்லத் தொடங்கினேன். தண்ணீர் மட்டம் ஏறுவது வேறு, குழியின் தண்ணீர் இங்கே வந்து சேர்வது வேறு. குளம் நிறைந்தால் கிணறு அன்றே ஏறும். அதனால் குளத்துத் தண்ணீர் கிணற்றுக்குள் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. உங்களுக்கும் பாடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். இது உண்மை. பொய்யை நம்பி ஏமாந்திருந்தால் என்னை மன்னிப்பது எளிதாக இருந்திருக்கும். நான் ஒரு உண்மையின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுத்த அன்றே போய்ச் சேர வேண்டும், சோதனை முடிய இரண்டு நாள் ஆகும், வார இறுதியில் ஆய்வகம் கிடையாது. சரி, திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று. அதற்கு ஆய்வகம் வேண்டாம். கேட்டருகே அவர் நின்றுகொண்டிருந்தார். நான் ஏன் சொல்லவில்லை?

முந்தைய வாரம்தான் நான் கொசுவலை பற்றிப் பேசியிருந்தேன். அதற்கு முந்தைய வாரம் மாடிப்படியின் கைப்பிடி பற்றி. அதற்கு அவர் எல்லோர் முன்னாலும், "மேடம், இங்கன நூத்தி அறுவது பிள்ளைய இருக்கு. ஒங்க பிள்ள மட்டும் இல்ல" என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் நின்ற மீனாவின் முகம் சிவந்துபோயிற்று. அன்று மாலை போனில், "ம்மா, இனிமே நீ வந்தா ஒண்ணும் பேசாதம்மா, எல்லாரும் சிரிக்காங்க" என்றாள். எனக்குப் பதற்றம் அதிகம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த வியாழக்கிழமை எனக்குள் எழுந்தது அதே பழைய பதற்றமா, தொழில் தெரிந்தவளின் சந்தேகமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் நெஞ்சில் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. பதற்றமாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மீனா வார்டனின் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"ம்மா, வயித்தால போவுது. வாந்தியும் வருது. நீ பயப்படாத. எனக்கு மட்டும் இல்லம்மா."

எனக்கு மட்டும் இல்லை என்று அவள் சொன்னது என்னை ஆறுதல்படுத்த. எனக்கு அதுதான் பயமாகப் போயிற்று.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். படிப்பறையில் பாய் விரித்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மீனா மூன்றாவது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். வார்டன் தூக்கமில்லாத கண்களோடு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஒவ்வொருவருக்காகப் புகட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழம அருவிக்குக் கூட்டிட்டுப் போனோம்லா மேடம். மதியத்துக்குப் புளிச்சோறு பொட்டலம். காலையில கட்டுனது. அதுதான் கெட்டிருக்கு. டாக்டரும் அதத்தான் சொல்லுதாரு. இந்தச் சாரல்ல அவ்வளவு நேரம் நனைஞ்சது வேற."

எல்லோரும் அதையே நம்பினார்கள். நம்புவதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. அருவிக்குப் போன பிள்ளைகள், பொட்டலம் சாப்பிட்ட பிள்ளைகள். நான் தண்ணீரைக் காய்ச்சினீர்களா என்று கேட்டேன். உப்புச்சர்க்கரை கலக்குவதற்கு மட்டும் காய்ச்சியதாகச் சொன்னார். அப்போது வெளியே மோட்டார் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். மோட்டார் அறைக்குப் போனேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

சுடலை அண்ணாச்சி வாய் பிளந்து நின்றார். "மேடம், என்ன காரியம் செய்யுதிய? மேல் டேங்க்ல அடியில கொஞ்சந்தான் தண்ணி கெடக்கு."

"அந்தத் தண்ணியும் வேண்டாம். திறந்து விட்டுருங்க."

சமையல்கார அம்மாள் கரண்டியோடு வெளியே வந்தார். "ஏம்மா, நூத்தி அறுவது பிள்ளைக்கு இட்லிச் சட்டி கழுவாமக் கெடக்கு. என் தண்ணிய ஒங்க கைப்பையில போட்டுப் பூட்டிட்டு நிக்கிய. அதுலயிருந்து ஒரு குடம் ஊத்துங்க, நான் போய்க் கழுவுதேன்."

ஒன்றிரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். வார்டன் சிரிக்கவில்லை. என் மேலதிகாரிக்கே போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

அவர் அமைதியாகத்தான் பேசினார். "மேடம், அந்தக் கிணறு பத்தி நீங்க கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் என் முன்னாடி இருக்கு. இருநூத்திப் பத்து நாள்னு எழுதியிருக்கீங்க. லாட்ஜ் திறந்து நாப்பது நாள்கூட ஆகல. எதை வச்சு மூடச் சொல்றீங்க? புது அளவு ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"லேப் ரிசல்ட்?"

"இல்ல. இனிமேதான்."

"அப்ப என்ன இருக்கு?"

கல்கட்டில் தண்ணீர் பீச்சுவதைச் சொன்னேன். புறாக்கள் இல்லை என்பதையும் சொன்னேன். எனக்கே அது கேட்கச் சகிக்கவில்லை.

அவர் கேட்டார். "ஒண்ணு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு அங்க இல்லன்னா அந்த ஃபியூஸைப் பிடுங்கியிருப்பீங்களா?"

தெரியவில்லை சார் என்றேன். இன்றும் என்னிடம் அதே பதில்தான் இருக்கிறது. ஆனால் கேரியர்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மதியத்துக்குள் டேங்கர் லாரி வந்தது. அந்தத் தண்ணீரையும் காய்ச்சச் சொன்னேன். கிணற்றிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினேன். மதியத்துக்கு மேல் இன்னும் நான்கு பிள்ளைகளுக்கு ஆரம்பித்தது. அதில் ஒருத்தி, இசக்கி, ஒன்பதாம் வகுப்பு, மற்றவர்களைவிட மோசமாகிவிட்டாள். தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உடம்பிலிருந்து தண்ணீர் வற்றிச் சிறுநீர் வரவில்லை என்றார்கள்.

மீனா விடுதியிலேயே தேறி, செவ்வாய்க்கிழமையே கஞ்சி குடித்தாள். இசக்கியோடு போன நான் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை. எதற்காக அங்கே இருந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

புதன்கிழமை காலை ஆய்வக முடிவு வந்தது. கிணற்றில் கழிவுக் கிருமிகள் இருந்தன. மேலதிகாரி போனில், "திறந்த கிணறு எதுல எடுத்தாலும் இது வரும் மேடம். பொட்டலமா கிணறான்னு இதை வச்சு சொல்ல முடியாது" என்றார். அதுவும் உண்மைதான். எனக்குள் மறுபடியும் எல்லாம் கலங்கிவிட்டது. ஒருவேளை பொட்டலமாகவே இருக்கலாம். ஒருவேளை என் அறிக்கை சரியாகவே இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

அன்று பத்து மணி வாக்கில் இசக்கியின் அப்பா வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போலீஸ் கான்ஸ்டபிள். பாவூர்சத்திரம் பக்கத்துக் கிராமம். இரண்டு நாளாக ஷேவ் செய்யாத முகம். கையில் இருந்த டீயைக் குடிக்கவே இல்லை.

"நீங்கதான மோட்டார நிறுத்துனது?"

"ஆமா."

"நல்ல காரியம் செஞ்சிய. வார்டன் அம்மா ஒங்கள ஏசுதாவ. ஏசட்டும். நான் ஸ்டேஷன்ல வேல பாக்கவன். ஒருத்தர் ஒண்ணச் செஞ்சா அதுக்கு முன்னால ஏதாவது பாத்திருப்பாவ. நீங்க என்ன பாத்திய?"

சொன்னேன். கல்கட்டு, அடுக்கு, மே மாதம், இருநூற்றுப் பத்து நாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்கத் தெரிந்தவர். முடித்ததும் கேட்டார்.

"எப்பம் பாத்திய?"

திங்கட்கிழமை காலை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்தில் நின்ற சுடலை அண்ணாச்சிக்குக்கூட நான் எதைக் கண்டேன் என்று தெரியாது.

"வியாழக்கிழமை" என்றேன்.

அவர் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். விரலில் எண்ணவில்லை, கணக்குப் போடவில்லை. அவருக்கு அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"எங்க ஊர்ல கோயில் கொடை மேடம். புதன்கிழமையே நான் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டேன். சனிக்கிழம சாயங்காலந்தான் கொண்டாந்து விட்டேன். நான்தான் விட்டேன். அவ இன்னும் ஒரு நாள் இருக்கேம்ப்பான்னு சொன்னா."

உங்களுக்காக இதை எழுதத் தொடங்கியதே அடுத்து நடந்ததைச் சொல்லத்தான்.

அந்த மனிதர் அதைச் சொன்னதும் எனக்குள் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அவள் அருவிக்குப் போகவில்லை. பொட்டலம் சாப்பிடவில்லை. சனிக்கிழமை மாலைக்குப் பிறகு விடுதியில்தான் இருந்தாள், மற்றவர்களைப் போலவே படுத்துவிட்டாள். அப்படியானால் பொட்டலம் இல்லை. கிணறு. நான் மூடியது சரி. மூன்று நாளாகத் தேடிய சாட்சி கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. சந்தோஷம்தான். என் கை தானாகவே பையைத் திறந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தது.

சனிக்கிழமை மாலை என்று எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவர் என் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய மகள் கிடந்தாள். வியாழக்கிழமை நான் வாய் திறந்திருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மற்ற பதினைந்து பேரும் எப்போது குடித்ததில் நோய் வந்ததோ, யாருக்கும் தெரியாது. அவள் ஒருத்தியைப் பற்றி மட்டும் உறுதியாகத் தெரியும்.

"எழுதுதியளா?" என்றார்.

"ஆமா."

"எழுதுங்க. வியாழக்கிழமைன்னும் சேத்து எழுதுங்க."

எழுந்து கதவருகே போய் நின்றுகொண்டார்.

இசக்கி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு வந்தாள். இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போனாள். தேறிவிட்டாள் என்று சுடலை அண்ணாச்சி விசாரித்துச் சொன்னார். விடுதிக்குத் திரும்பவில்லை, ஊர்ப் பக்கமே ஒரு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் உறிஞ்சுகுழியை மூடிய பிறகு, நான் கிணற்றை மறுபடி அளந்தேன். இந்த முறை பள்ளி நடந்துகொண்டிருந்தது. சாரல் பெய்தது. தோட்டங்களில் மோட்டார் ஓடியது. என் முதல் அதிகாரி பார்த்திருந்தால் எட்டாகக் கிழித்திருப்பார். குழியிலிருந்து கிணற்றுக்கு நான்கு நாளிலிருந்து ஒன்பது நாள் வரை என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்கு மேல் குறுக்க முடியவில்லை. மேலதிகாரி ஒரே எண்ணாகக் கேட்டார். அப்படியே விட்டேன். சாரல் காலத்துக்கு நான்கு முதல் ஒன்பது, கோடைக்கு இருநூற்றுப் பத்து, ஐப்பசி மழைக்கு அளக்கவில்லை, தெரியாது. இப்படி எழுதிய என் ஒரே அறிக்கை அதுதான். கிணறு சும்மா கிடக்கும்போது அளப்பதா, புழங்கும்போது அளப்பதா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டிலும் எனக்கு அடி விழுந்திருக்கிறது. கல்கட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று மட்டும் எட்டிப் பாருங்கள், அது நிச்சயம்.

அந்தத் திருத்திய அறிக்கையில் எல்லாம் இருக்கிறது. நெகிழ்ந்த அடுக்கின் ஆழம், நீர்மட்டம், முதல் அளவில் நேர்ந்த பிழை, பெயர் குறிப்பிடாமல் சனிக்கிழமை திரும்பிய மாணவி. நீங்கள் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். பிழை முதன்முதலில் கவனத்துக்கு வந்த நாள் என்று ஒரு வரி உண்டு. அதில் நான் திங்கட்கிழமை என்று எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை. காலை பத்து மணி இருக்கும். வார்டன் கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கடந்துதான் போனேன்.